மின் வாகனத்தின் முகப்பு விளக்கு: சிக்கனமும் பொறுப்பும்

(மின் வாகனங்கள் குறித்து மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாலை மயங்கும் வேளையில் தில்லி மாநகரின் மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றின் வாயிலில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப் போயிருக்கும். சவாரிக்காக வரிசையில் நிற்கும் மின்-ரிக்‌ஷாக்களில் சில, முகப்பு விளக்கை ஏற்றாமலே புறப்படுகின்றன. வேறு சில, எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளொளியுடன் புறப்படுகின்றன. முதல் வகை ஓட்டுநர், பாட்டரியில் எஞ்சியுள்ள மின்சாரத்தை இன்னொரு சவாரிக்காகச் சேமிப்பதாக எண்ணுகிறார். இரண்டாம் வகை ஓட்டுநர், தமக்குச் சாலை நன்கு தெரிந்தால் போதும் என்று எண்ணுகிறார். செயல் வேறாயினும் இருவர் எண்ணத்திலும் உள்ள பிழை ஒன்றே. முகப்பு விளக்கு வாகனத்தை ஓட்டுபவருக்காக மட்டுமே எரிகிறது என்று இருவரும் கருதுகின்றனர்.

இப்பிழையின் விலை சிறியதன்று. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகள் 4,61,312. உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். நாளின் 24 மணி நேரத்தை மூன்று மூன்று மணியாகப் பிரித்துப் பார்த்தால், மாலை 6 மணி முதல் 9 மணி வரையிலான பொழுதிலேயே விபத்துகள் மிகுதி. மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த மூன்று மணி நேரத்தில் நிகழ்கின்றது. இவை அனைத்துக்கும் விளக்கே காரணம் என்று கூறுவது பொருந்தாது. எனினும், இருட்டும் கூச்சமும் சேரும் பொழுது அது என்பதை எவரும் மறுக்க இயலாது.

பட்டறையில் பிறந்த வாகனங்கள்

மின் வாகனம் என்றதும் பெருந்தொழிற்சாலைகளில் உருவாகும் கார்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இந்தியாவில் மின் வாகனத்தை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தவை சிறு பட்டறைகளே. 2010ஆம் ஆண்டை ஒட்டித் தில்லியில் பரவத் தொடங்கிய மின்-ரிக்‌ஷாக்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து தருவித்த உறுப்புகளைக் கொண்டு தெருவோரக் கொட்டகைகளில் பூட்டப்பட்டவை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய பாட்டரி வண்டி, மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்ற விதியின் நிழலில் அவை ஓடின. உண்மையில் பல வண்டிகளின் மோட்டார் அந்த அளவைக் கடந்திருந்தது.

2014 ஜூலை 31 அன்று தில்லி உயர்நீதிமன்றம் இவற்றின் ஓட்டத்துக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. நான்கு பயணிகள், 40 கிலோ சுமை, 2,000 வாட்டுக்கு மேற்படாத மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரையறைகள் அவற்றில் இடம்பெற்றன. 2015இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டு, மின்-ரிக்‌ஷா சட்டபூர்வமான வாகனமாயிற்று.

பட்டறையில் கட்டிய வாகனத்தை இகழ்வதற்கில்லை. பெங்களூரில் 2001இல் சந்தைக்கு வந்த ரேவா மின் காருக்குப் பின்னால் நின்ற சேத்தன் மைனி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1990ஆம் ஆண்டின் சூரியசக்திக் கார் பந்தயத்தில் வென்ற மாணவர் குழுவில் பணியாற்றியவர். இன்றும் நம் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் பழைய காரின் எஞ்சினைக் கழற்றி மோட்டாரைப் பொருத்துகின்றனர். இரும்புக் குழாய்களை வெட்டிப் புதிய சட்டகத்தையே பற்றவைக்கின்றனர். மோட்டாரைப் பற்றியும் பாட்டரியைப் பற்றியும் மாதக்கணக்கில் விவாதிக்கும் அவர்கள், முகப்பு விளக்கைக் கடைசி நாளில் கடைத்தெருவில் வாங்கிப் பொருத்துவதே வழக்கமாக உள்ளது. அங்கேதான் எல்.இ.டி. விளக்கு பற்றிய கேள்வி எழுகிறது.

டயோடு வந்த வழி

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் டயோடு. 1962இல் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் டயோடை உருவாக்கினார். நீண்ட காலம் அது வானொலிப் பெட்டியிலும் கணக்கிடும் கருவியிலும் சிறு புள்ளியாகவே ஒளிர்ந்தது. வெள்ளை ஒளி பெற நீல நிற டயோடு தேவைப்பட்டது. அதனைச் சாதித்த ஜப்பானியர்களான இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, பிறப்பால் ஜப்பானியரான ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சைச் சேர்த்ததும் வெள்ளை விளக்கு பிறந்தது. 2007இல் ஜப்பானிய சொகுசுக் கார் ஒன்றின் முகப்பில் அது இடம்பெற்றது.

நம் நாட்டில் இவ்விளக்கு வீட்டுக்கு வீடு சென்ற வரலாறு பொருளாதார மாணவர்கள் கவனிக்கத்தக்கது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. 2014இல் ஒரு பல்பு 310 ரூபாய் என்றிருந்த கொள்முதல் விலை, மொத்தமாக ஏலம் கோரி வாங்கியதன் பயனாகச் சில ஆண்டுகளிலேயே 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தேவையை ஒன்றுதிரட்டினால் விலை இறங்கும், தரத்தையும் நிர்ணயிக்கலாம் என்பதே அதன் பாடம்.

மிச்சமாகும் மின்சாரம் எவ்வளவு?

கார்களில் பரவலாக உள்ள எச்-4 வகை ஹாலஜன் பல்பு, எதிரே வாகனம் வரும்போது பயன்படும் தாழ்ந்த ஒளியில் 55 வாட் மின்சாரத்தை விழுங்கி ஏறத்தாழ 1,000 லூமென் ஒளியைத் தருகிறது. அதாவது, வாட்டுக்கு 18 லூமென். நல்ல டயோடு வாட்டுக்கு 100 லூமெனுக்கு மேல் தரும். மின்சுற்றிலும் வில்லையிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், 15 அல்லது 20 வாட்டில் அதே வேலையை முடித்துவிடலாம்.

இதனைக் கொண்டு பலரும் பெரிய கணக்குகளைப் போடுகின்றனர். உண்மைக் கணக்கு அடக்கமானது. கையால் கட்டிய சிறிய கார் ஒன்று கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி செலவழித்து மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். ஓட்டத்துக்கே மணிக்கு 3,000 வாட்-மணி தேவை. இரண்டு ஹாலஜன் விளக்குகளும் சேர்ந்து கேட்பது 110. இரண்டு எல்.இ.டி. விளக்குகள் கேட்பது 40. மூன்று மணி நேர இரவுப் பயணத்தில் மிச்சமாவது 210 வாட்-மணி. சுமார் 2 கிலோமீட்டர் தூரம்.

மின்-ரிக்‌ஷாவின் கணக்கும் இதுபோன்றதே. கிலோமீட்டருக்கு 50 வாட்-மணி, மணிக்கு சராசரி 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓட்டத்துக்கு மணிக்கு 750 வாட்-மணி வேண்டும். 35 வாட் பல்புக்குப் பதில் 10 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால், நான்கு மணி நேரத்தில் 100 வாட்-மணி மிச்சம். அதுவும் 2 கிலோமீட்டர்தான்.

இக்கணக்கின் மறுபக்கமே முக்கியமானது. அந்த 10 வாட் விளக்கை மாலை முழுவதும் நான்கு மணி நேரம் எரித்தாலும் செலவாவது 40 வாட்-மணி. யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் அதன் விலை 32 காசு. ஓட்டத்தில் 800 மீட்டர். இருளில் விளக்கை அணைத்து ஓடும் ஓட்டுநர் ஒரு சவாரியைச் சேமிப்பதில்லை. ஒரு தெருவின் நீளத்தைச் சேமிக்கிறார். அதற்கு ஈடாக நான்கு பயணிகளின் உயிரைப் பணயம் வைக்கிறார். மின் வாகனம் அதிக ஓசையின்றி வருவது. மின்-ரிக்‌ஷாவோ வேகம் குறைந்தது. பின்னால் வேகமாக வரும் லாரிக்கும், சாலையைக் கடக்கும் முதியவருக்கும் அது இருப்பதை அறிவிப்பவை முன்னும் பின்னும் எரியும் விளக்குகளே.

பாட்டரி தளரும் நேரம்

எல்.இ.டி. விளக்கின் மெய்யான சிறப்பு வேறோர் இடத்தில் உள்ளது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைப் பொறுத்து வேகமாகக் குறையும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் ஒளி சுமார் பத்தில் மூன்று பங்கு மங்கிவிடும். பாட்டரி காலையில் முழு வலுவுடன் இருக்கிறது; இரவு வரும்போது தளர்ந்திருக்கிறது. ஒளி மிகவும் தேவைப்படும் நேரத்தில் விளக்கு மிகவும் மங்குகிறது. எல்.இ.டி. விளக்கோடு சீரான மின்னோட்டம் தரும் மின்சுற்று இணைந்திருப்பதால், பாட்டரி ஓரளவு தளர்ந்தாலும் ஒளி குன்றுவதில்லை.

இதில் கட்டுவோர் செய்யும் தவறு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 48 வோல்ட் வண்டியில் நான்கு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக உள்ளன. விளக்குக்காக அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகின்றனர். நாள்தோறும் அந்த ஒரு பாட்டரி மற்ற மூன்றைவிட அதிகமாகக் காலியாகிறது. மின்னேற்றத்தின்போதும் அது பின்தங்குகிறது. விரைவில் கெட்டு, மற்றவற்றின் திறனையும் வீணாக்குகிறது. 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கருவியைப் பொருத்துவதே முறை. இடப்பக்க, வலப்பக்க விளக்குகளுக்குத் தனித்தனி ஃப்யூஸ் வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது எரியும்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. ஹாலஜன் பல்பு தன் வெப்பத்தை ஒளியோடு முன்னே வீசிவிடும். டயோடின் வெப்பமோ அதன் முதுகில் தங்கும். அதனைக் கடத்தும் அலுமினியத் தகடு போதிய அளவில் இல்லையெனில், ஒளி குறைவதோடு ஆயுளும் குறையும். விளம்பரத்தில் காணும் ஆயிரக்கணக்கான மணி நேர ஆயுள், குளிர்ச்சியாக இருக்கும் டயோடுக்கே உரியது.

ஒளி வேறு, ஒளிக்கற்றை வேறு

இதுவரை கூறியவை வாகனத்தின் உரிமையாளர் நலனைச் சார்ந்தவை. எதிரே வருபவரின் நலன் ஒளியின் அளவில் இல்லை, அதன் வடிவத்தில் உள்ளது.

ஓட்டுநர்கள் 'டிம்' என்று வழங்கும் தாழ்ந்த கற்றைக்கு மேல் விளிம்பு ஒன்று உண்டு. அவ்விளிம்புக்குக் கீழே ஒளி, மேலே இருள். நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், இடது ஓரத்தில் நடப்பவரும் வழிகாட்டிப் பலகையும் தெரியும்படி அவ்விளிம்பு இடப்புறம் மட்டும் சற்றே உயர்ந்திருக்கும். வலப்புறம், அதாவது எதிரே வருபவர் பக்கம், தாழ்ந்திருக்கும். வலப்பக்கப் போக்குவரத்து உள்ள நாடுகளுக்கென்று செய்த விளக்கை இங்கே பொருத்தினால், அந்த உயர்ந்த பகுதி நேரே எதிரே வருபவர் கண்ணில் பாயும்.

ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த குழிவாடியில் எல்.இ.டி. பல்பை மட்டும் சொருகுவது அதைவிடப் பரவலான தவறு. அக்குழிவாடி, மெல்லிய இழை ஓரிடத்தில் இருக்கும் என்ற கணக்கில் வார்க்கப்பட்டது. அதே இடத்தில் வேறு பருமனும் வேறு திசையும் உடைய டயோடு வந்து அமரும்போது கணக்கு குலைகிறது. விளிம்பு கலைந்து ஒளி எங்கும் சிதறுகிறது. அருகில் உள்ள தரை பளிச்சென்று தெரிவதால் ஓட்டுநர் மகிழ்ச்சி அடைகிறார்; தொலைவில் விழவேண்டிய ஒளி குறைந்திருப்பதை அவர் உணர்வதில்லை. எதிரே வருபவரோ சில நொடிகள் பார்வையிழக்கிறார். வயது முதிர முதிர, கூச்சத்திலிருந்து கண் மீள அதிக நேரம் பிடிக்கும்.

சில நொடிகள் என்பது எத்தகையது? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறார். தடையைக் கண்டு உணர ஒன்றரை நொடியும், பின்னர் சாதாரணமான பிரேக் பிடிப்பும் சேர்ந்தால், அவர் நிற்க ஏறத்தாழ 48 மீட்டர் தேவை. இரண்டு நொடி கண் கூசினால் அதற்கு முன்பாகவே 28 மீட்டர் குருட்டுத்தனமாகக் கடந்திருப்பார்.

விதி குறிப்பிடும் கண்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதைப் பற்றியது. விளக்கின் ஒளி நிலையாகக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்று கூறும் அவ்விதி, அதனை அளப்பதற்கு விளக்கைப் பார்க்கவில்லை. ஒரு மனிதரின் கண்ணைப் பார்க்கிறது. விளக்குக்கு முன்னே 8 மீட்டர் தொலைவில், வாகனத்தின் வலது ஓரத்துக்கு அப்பால் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அந்த ஒளி கூசச் செய்யக் கூடாது. சைக்கிளில் வருபவர், ஸ்கூட்டரில் வருபவர், ஓரமாக நடந்து வருபவர் ஆகியோரின் கண்கள் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் உள்ளன.

பொருளாதார நூல்கள் புறவிளைவு என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. விளக்கை வாங்கியவர் ஆதாயத்தைப் பெறுகிறார். செலவு, அந்தப் பேரத்தில் பங்கு கொள்ளாத ஒருவர் தலையில் விழுகிறது. கடையில் விற்பனைக்கு வரும்போது வாட்டும் லூமெனும் பேசப்படுகின்றன; கற்றையின் வடிவம் கடையின் மேசைமீது தெரிவதில்லை. ஆகவே, பளிச்சென்ற விளக்கு விலைபோகிறது, நன்கு வடிவமைத்த விளக்கு தேங்குகிறது. கண் கூசியவர் தாமும் அதைவிடப் பிரகாசமான விளக்கை வாங்குகிறார். எல்லோரும் செலவழித்த பின்னர், எவருக்கும் முன்பைவிடச் சாலை நன்றாகத் தெரிவதில்லை. தனிமனிதர் ஒவ்வொருவரும் தத்தம் அளவில் நியாயமாக நடந்தும் சமுதாயம் நட்டமடையும் இத்தகைய நிலையைச் சந்தை தானாகச் சரிசெய்யாது. தர நிர்ணயம் தேவைப்படுவது இதனால்தான்.

கட்டுவோர் செய்ய வேண்டியவை

மின் வாகனம் கட்ட முனையும் மாணவர், டயோடு, குழிவாடி, வில்லை ஆகிய மூன்றும் ஒன்றாக வடிவமைக்கப்பட்டு அங்கீகாரம் பெற்ற முழு விளக்கையே வாங்க வேண்டும். இடப்பக்கப் போக்குவரத்துக்கு உரியதா என்பதைக் கேட்டறிய வேண்டும். விலை சற்று கூடும். பாட்டரிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

பொருத்தியபின் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சுவர் போதும். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையம் இருக்கும் உயரத்தைச் சுவரில் கோடாக வரைய வேண்டும். தாழ்ந்த கற்றையின் மேல் விளிம்பு அக்கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி அப்போது 70 மீட்டர் வரை தரையில் எட்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஓடும் மின்-ரிக்‌ஷா நிற்பதற்கு வேண்டியது 17 மீட்டரே. எனவே, கற்றையைத் தாழ்த்துவதால் ஓட்டுநருக்கு இழப்பு ஏதுமில்லை.

இச்சோதனையைக் காலி வண்டியில் செய்வது பயன் தராது. பின்னிருக்கையில் நான்கு பேர் அமர்ந்ததும் வண்டியின் முன்பகுதி உயர்கிறது. ஒரே ஒரு பாகை உயர்ந்தாலும் 10 மீட்டர் தொலைவில் கற்றை 17 சென்டிமீட்டர் மேலே ஏறும். தாழ்த்தி வைத்த 10 சென்டிமீட்டரும் மறைந்து, ஒளி வானை நோக்கத் தொடங்கும். எத்தனை பேருடன் ஓடுமோ அத்தனை பேரின் எடையை ஏற்றியே அளக்க வேண்டும். பனிமூட்டம் கவியும் வடமாநிலக் குளிர்காலத்தில் இது இன்னும் முக்கியம். மேலே சிதறும் ஒளி மூடுபனியில் பட்டு ஓட்டுநர் கண்ணுக்கே திரும்பி வரும்.

கட்டிய வாகனம் கல்லூரி வளாகத்தைவிட்டுப் பொதுச்சாலைக்கு வர வேண்டுமானால், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ-கேட் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையங்களின் சான்று தேவை. இந்நிபந்தனையைத் தடையாக மாணவர்கள் கருதலாகாது. வாகனத்தில் இல்லாத மனிதர்களின் பிரதிநிதியாக அச்சோதனை நிலையம் நிற்கிறது.

நிர்வாகத்தின் பங்கு

அலுவலர்கள் செய்யக்கூடியவையும் எளியவையே. தகுதிச் சான்றுக்காக வண்டிகள் வரும் ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் வரைந்த ஒரு வெள்ளைச் சுவர் இருக்கலாம். மின்-ரிக்‌ஷா பூட்டும் தொழிலாளர்களுக்கும் சாலையோர மெக்கானிக்குகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓரிரு நாள் பயிற்சி அளிக்கலாம். விளக்கு மங்கிய வண்டிக்கு அபராதம் விதிப்பதோடு நின்றுவிடாமல், கண்ணைக் கூசும் வண்டியையும் அதே கண்டிப்புடன் நிறுத்தலாம்.

இவை யாவற்றினும் பயன் மிக்கது, உஜாலா காட்டிய வழியைப் பின்பற்றுவது. தரம் வரையறுத்த ஒரே வகை விளக்கை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஓட்டுநர் சங்கங்கள் வாயிலாகக் குறைந்த விலைக்கு வழங்கினால், கடைத்தெருவின் தரக்குறைவான விளக்குகள் தாமே விலகும். நாள் முழுவதும் உழைத்து, தினக்கூலியாக வண்டிக்கு வாடகையும் செலுத்தும் ஓட்டுநரிடம் அங்கீகாரம் பெற்ற விளக்கை வாங்கு என்று ஆணையிடுவது எளிது. அவர் கைக்கு எட்டும் விலையில் அது கிடைக்கச் செய்வதே நிர்வாகத்தின் கடமை.

எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துவது உண்மை. அது மிச்சப்படுத்துவது ஒரு மாலைக்குச் சில காசுகளே என்பதும் உண்மை. பொருளாதாரக் காரணம் காட்டி இருளில் ஓடுவதற்கு இனி இடமில்லை என்பதே அவ்விளக்கு தந்த பெரிய நன்மை. எஞ்சியிருப்பது, அந்த ஒளியை எங்கே விழச் செய்கிறோம் என்ற பொறுப்பு. எட்டு மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த முகமறியாத கண்ணை, வாகனம் கட்டும் மாணவரும் அதற்குச் சான்று வழங்கும் அலுவலரும் ஒருங்கே நினைவில் கொள்வார்களாயின், இரவுச் சாலையில் பல உயிர்கள் காக்கப்படும்.